வாங்குகிறவர் வாய் திறக்க வேண்டுமா?

கல்லிடைக்குறிச்சியிலும் அம்பாசமுத்திரத்திலும் சேரன்மகாதேவியிலும் பழைய வீடுகள் கைமாறிக்கொண்டிருக்கின்றன. பிள்ளைகள் சென்னை, மும்பை, அமெரிக்கா என்று நிலைத்துவிட்டார்கள். ஊரில் பெரியவர் ஒருவர் மிஞ்சியிருந்தால் அதிகம். வீடு விலைபோகும்போது ஊஞ்சல் பலகைக்கும் பத்தாயத்துக்கும் தேக்கு அலமாரிக்கும் தனித்தனியே பேரம் நடக்கும். கொல்லைப்புறத்து ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் பிளஷர் காரை மட்டும் யாரும் ஒரு பொருளாகவே எண்ணுவதில்லை. இப்படி ஒரு வீட்டில், கணவர் காலமான பின் தனியே இருக்கும் ஒரு பெரியம்மா அந்த வண்டியை அப்புறப்படுத்த நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காயலான் கடைக்காரர் எடை போட்டு முப்பதாயிரம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வருகிறார். பானெட்டைத் தூக்கித் தகட்டில் உள்ள எண்ணைப் படிக்கிறார். முகத்தில் ஒன்றும் காட்டாமல், "நாற்பது தர்றேம்மா" என்கிறார். 1958-இல் வெளிவரத் தொடங்கிய முதல் வரிசை அம்பாசடர் அது, ஏறக்குறைய எதுவும் மாற்றப்படாதது, சேகரிப்பவர்கள் பல லட்சம் கொடுத்து வாங்குவார்கள் என்பது அவருக்குத் தெரியும். பெரியம்மாவுக்குத் தெரியாது. இரும்புக் கடையைவிடப் பத்தாயிரம் கூடக் கிடைத்த சந்தோஷத்தில் வந்தவருக்குக் காப்பி கொடுத்து அனுப்புகிறார். வந்தவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவர் தவறு செய்தாரா?

செய்தார் என்பது என் கட்சி. ஆனால் அதை நிறுவுவது எளிதல்ல. ஏனென்றால் எதிர்க்கட்சியில் சட்டம் நிற்கிறது, சந்தை வழக்கம் நிற்கிறது, 'இஷ்டப்பட்டுத்தானே கொடுத்தாள்' என்ற பொதுப்புத்தியும் நிற்கிறது. என் பக்கம் நிற்பவை, பார்க்கப் போனால், சில பழைய சமய நூல்களும் சில வணிகர்களின் பெயர்களும்தான். அதற்கு முன் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இத்தகைய வண்டிக்கு நியாயமான விலை என்று ஒன்று உண்டா? அப்படி ஒன்று இல்லையென்றால் அதைவிடக் குறைத்து வாங்கினார் என்ற குற்றச்சாட்டுக்கே இடமில்லை.

புதுக் காருக்கு நியாய விலை எது என்று இந்த நாட்டில் உச்ச நீதிமன்றமே உட்கார்ந்து கணக்குப் பார்த்தது உண்டு. கல்கத்தா அருகே உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், சென்னை வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று மூன்றே கார்கள் ஓடிய காலம் அது. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்; வண்டி கைக்கு வந்ததும் போட்ட விலைக்கு மேல் வாங்கிக்கொள்ள ஆள் வாசலில் நிற்பான். 1951-ஆம் ஆண்டுத் தொழில்கள் சட்டத்தின்கீழ் 1969-இல் அரசு கார்களுக்கு விலை நிர்ணயித்தது. கட்டுபடியாகாது என்று கம்பெனிகள் வழக்குப் போட்டன. விசாரணைக்கு ஒரு கமிஷன் அமைக்கப்பட்டது. 1971 நவம்பரில் தீர்ப்பு வந்தது. உற்பத்திச் செலவு, போட்ட முதலுக்கு நியாயமான வருமானம் இரண்டும் அடங்கியதே நியாய விலை என்பது அந்த அணுகுமுறையின் சாரம். தொழிற்சாலை வாசலில் நிற்கும் வண்டிக்கு இது பொருந்தும். ஐம்பது வருடம் ஷெட்டில் கிடந்த வண்டிக்கு எந்தச் செலவை எடுத்துக்கொள்வது? இன்ஷூரன்ஸ் கணக்கும் இதே இடத்தில் கையை விரித்துவிடுகிறது. முதல் ஆறு மாதத்துக்கு ஐந்து சதவீதம் என்று தேய்மானத்தைக் கழிக்கத் தொடங்கி, ஐந்தாம் வருடம் முடிகையில் ஐம்பது சதவீதம் வரை அட்டவணை போட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் வயதான வண்டி என்றால், கம்பெனியும் வாடிக்கையாளரும் பேசி ஒரு தொகைக்கு வந்துகொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆக ஆறாவது வருடத்திலிருந்து விலை என்பது பேச்சுக்கு உட்பட்டது.

பேச்சுக்கு உட்பட்டது என்பதால் வெறும் பேச்சு என்று ஆகிவிடாது. கண் தெரிந்தவர் பழைய அம்பாசடரைச் சோதிக்கும் விதத்தைக் கவனித்தால் இது புரியும். முதலில் ஒரு சின்னக் காந்தத்தைக் கதவின் அடிப்பாகத்திலும் மட்கார்டு வளைவிலும் வைத்துக்கொண்டே போவார். ஒட்டாமல் நழுவும் இடத்தில் தகடு இல்லை, பட்டி பூசி மேலே பெயின்ட் அடித்திருக்கிறது என்று பொருள். பிறகு டிக்கியின் ரப்பர் விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னிக்கு அடியில் துருவைத் தேடுவார். சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா, ஸ்டியரிங்கை ஒட்டிய கை கியர் அப்படியே இருக்கிறதா, முன்புறக் கிரில் அந்தந்த வரிசைக்கு உரியதுதானா என்று பார்ப்பார். காகிதங்களையும் கேட்பார், திருக்குறுங்குடியில் பிறந்து மதுரையில் பஸ் ஓட்டித் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் கம்பெனியில் சர்வீஸ் விட்ட பழைய ரசீது ஒன்று கோப்பில் இருந்தால் வண்டியின் மதிப்பு ஒரு படி ஏறும். நிலமும் பேசும். மழை மறைவில் காய்ந்து கிடக்கும் பாளையங்கோட்டைப் பக்கத்து வண்டியில் துரு குறைவு. தூத்துக்குடி உப்புக் காற்றில் நின்ற வண்டியில் அடித்தளம் அரித்திருக்கும். இவை யாருடைய விருப்பத்தையும் பொறுத்தவை அல்ல. இரண்டு நல்ல மெக்கானிக்குகள் தனித்தனியே பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே குறைகளைத்தான் சொல்வார்கள்.

ஆனாலும் அதே குறை காலத்துக்குக் காலம் இடம் மாறுகிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். குற்றால சீசனுக்கு ஆள் ஏற்றிய டாக்சி அம்பாசடர்கள் பலவற்றில் பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு டீசல் என்ஜின் ஏற்றினார்கள். அன்றைக்கு அது வண்டியின் விலையைக் கூட்டிய வேலை. இன்றைக்குச் சேகரிப்பவர் அதைப் பார்த்ததும் விலையைப் பாதியாக்குகிறார். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதி இதற்கு முத்திரையே குத்திவிட்டது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டியிருக்க வேண்டும், மூல வடிவம் பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் இருபதாயிரம் ரூபாய் கட்டி 'விஏ' என்ற எழுத்தோடு விண்டேஜ் பதிவு எண் வாங்கலாம். மாற்றப்படாமை என்பதே ஒரு சரக்காகிவிட்டது. பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்துக் கொண்டுவரும் வண்டியைவிட, மங்கிய பழைய பெயின்டோடு நிற்பதற்கு விலை அதிகம். கோயில் தூண்களை மணல் வீசிச் சுத்தம் செய்கிறோம் என்று சிற்பத்தின் நுணுக்கத்தையே தேய்த்துவிட்ட திருப்பணிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மிலிந்த மன்னனிடம் நாகசேனர் தேரைக் காட்டிக் கேட்ட கேள்வி பௌத்த நூல்களில் புகழ்பெற்றது. அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் தேர் அல்ல, எல்லாம் சேர்ந்ததற்கு வழங்கும் பெயர்தான் தேர் என்று மன்னனையே சொல்ல வைத்தார். அவர் அதை 'நான்' என்பது என்ன என்று விளக்கத்தான் எடுத்தார் என்றாலும், நம் விலைக் கணக்கிலும் அது வேலை செய்கிறது. காயலான் கடைக்காரர் சொன்ன முப்பதாயிரம் உறுப்புகளின் விலை. அவர் கண்ணில் தேர் இல்லை, இரும்பு இருக்கிறது. அந்தக் கணக்கில் அவர் நேர்மையானவர். அதற்கு மேலே வரும் லட்சங்கள் சேர்க்கைக்கும் வரலாற்றுக்கும் அதை விரும்பும் மனிதர்களுக்கும் உரியவை. அந்த விருப்பம் பைத்தியக்கார அளவுக்கும் போகும். இரண்டே இரண்டு செய்யப்பட்ட 1955-ஆம் வருட மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். கூப்பேக்களில் ஒன்று 2022 மே மாதம் 13.5 கோடி யூரோவுக்குப் போனது. நம்மூரிலும் அதன் சின்ன வடிவம் உண்டு. 2014-இல் அம்பாசடர் உற்பத்தி நின்றது. மூன்று வருடம் கழித்து அந்தப் பெயரை மட்டும் பெஜோ கம்பெனி எண்பது கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. ஓர் உறுப்புகூடக் கைமாறாமல் பெயர் மட்டும் போன விலை அது. ஆக நியாய விலை என்பது ஒரு புள்ளி அல்ல, ஒரு வரம்பு. மூன்று லட்சமா நான்கு லட்சமா என்று இரண்டு நேர்மையான ஆட்கள் சண்டை போடலாம். நாற்பதாயிரமா நான்கு லட்சமா என்று நேர்மையான இருவர் சண்டை போட முடியாது. வரம்பு மங்கலாக இருக்கிறது என்பதற்காக வரம்பே இல்லை என்று சொல்பவர், தனக்குத் தெரிந்ததை மறைத்துப் பேசுகிறார்.

மறைத்தல் என்று வந்தால் வழக்கமாக நாம் சந்தேகப்படுவது விற்கிறவரைத்தான். 1970-இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் எழுதிய கட்டுரை பழைய கார் சந்தையை வைத்துத்தான் இதை விளக்கியது: வண்டியின் வியாதி விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது; அதனால் நல்ல வண்டிக்காரர்கள் சந்தையை விட்டே விலகுகிறார்கள். 2001-இல் நோபல் பரிசு கிடைத்ததற்கு அந்தக் கட்டுரையும் ஒரு காரணம். தாமிரபரணிக் கரையில் இதற்குப் பாடப் புத்தகம் தேவையில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்று தத்தளித்தது. அந்த மாதிரி வெள்ளத்தில் மூழ்கிய கார், கழுவித் துடைத்து, சீட் துணி மாற்றிச் சந்தைக்கு வந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். சீட் தண்டவாளத்தின் அடியில் துரு, கதவு அட்டைக்கு உட்புறம் மெல்லிய வண்டல் கோடு, ஏசி போட்டதும் வரும் சேற்று வாடை என்று தேட வேண்டும். இதைச் சொல்லாமல் விற்பது தவறு என்பதில் எந்தச் சமயத்துக்கும் சந்தேகம் இல்லை. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தை உணர்ந்த நபிகள் நாயகம், நனைந்ததை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைக்கச் சொன்ன செய்தி எல்லாருக்கும் தெரிந்ததே. பழம்பொருளாகிவிட்ட காரில் நிலைமை தலைகீழ். வியாதி தெரிந்தவர் விற்கிறவர், மதிப்புத் தெரிந்தவர் வாங்குகிறவர். ஈரத்தை மேலே வைக்கச் சொன்ன விதி, உள்ளே இருக்கும் தங்கத்தையும் மேலே வைக்கச் சொல்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்தியச் சட்டம் இல்லை என்கிறது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வெறும் மௌனம் மோசடி ஆகாது என்று வைத்து, நான்கு எடுத்துக்காட்டுகள் தருகிறது. அன்றைய வாகனம் குதிரை என்பதால் குதிரைதான் வருகிறது. நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறவர் ஒன்றும் சொல்லாவிட்டால் மோசடி அல்ல. வாங்குகிறவள் அப்போதுதான் வயதுக்கு வந்த சொந்த மகள் என்றால் சொல்லக் கடமை உண்டு. நான்காவது எடுத்துக்காட்டு நமக்கு வேண்டியது: இரண்டு வியாபாரிகளில் ஒருவருக்கு மட்டும் விலை மாறப்போவது ரகசியமாகத் தெரிந்தால், மற்றவரிடம் சொல்ல அவர் கடமைப்பட்டவர் அல்ல. 25-ஆம் பிரிவில் ஆயிரம் ரூபாய்க் குதிரையைப் பத்து ரூபாய்க்கு மனமொப்பி விற்றாலும் ஒப்பந்தம் செல்லும் என்று இருக்கிறது. எனக்கு இந்தச் சட்டத்தின்மேல் கோபம் இல்லை. ஒவ்வொரு பேரத்தையும் நீதிமன்றம் திறந்து பார்க்கத் தொடங்கினால் எந்த விற்பனையும் முடிந்ததாக இராது. ஆனால் சட்டம் எங்கே நிற்கிறது என்பதைவிட அது எதை ஒத்துக்கொள்கிறது என்பது முக்கியம். மகளுக்குச் சொல்ல வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறதே, ஏன்? நம்பி நிற்கும் ஒருவரிடம் மௌனமும் ஒரு பேச்சு ஆகிவிடுகிறது என்பதால். பெரியம்மா வந்தவருக்குக் காப்பி கொடுத்தபோது அவரை எந்த இடத்தில் வைத்தார்? நான்காவது எடுத்துக்காட்டில் வரும் வியாபாரியின் இடத்தில் அல்ல.

சமய நூல்கள் சட்டத்தைவிட ஒரு படி மேலே போகின்றன. அதுவும் வாங்குகிறவரைப் பெயர் சொல்லியே பிடிக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் தம் பெருநூலில் கொடுக்கல் வாங்கலில் வரும் ஏமாற்றுக்கென்றே ஒரு வினாவை ஒதுக்கினார். விற்கிறவர் தன் தங்கத்தைச் செம்பு என்று எண்ணி விற்கிறார், வாங்குகிறவருக்கு உண்மை தெரியும் என்றால், வாங்கியது அநியாயம், திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். இஸ்லாமிய மரபில் விதி இன்னும் துல்லியமானது. சரக்கோடு ஊருக்கு வரும் கூட்டத்தைச் சந்தை விலை தெரிவதற்கு முன் வழியிலேயே மடக்கி வாங்கக் கூடாது; வாங்கிவிட்டால், சரக்குக்காரர் சந்தைக்கு வந்து நிலவரம் தெரிந்த பிறகு வியாபாரத்தை முறித்துக்கொள்ளலாம். காயல்பட்டினத்தில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபிலும் இந்த உரிமை ஏற்கப்பட்டதுதான். கல்லிடைக்குறிச்சி ஷெட்டில் நடந்தது இதேதான்: சந்தைக்கு வரும் முன் வழியில் மடக்கியது. நபித்தோழர் ஜரீர் இப்னு அப்தில்லாஹ்வைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அவருக்காக அவருடைய ஆள் ஒரு குதிரையை முந்நூறு திர்ஹத்துக்குப் பேசிவிட்டு வந்தார். ஜரீர் போய்க் குதிரையைப் பார்த்தார். உன் குதிரை இதைவிட மேலானது, நானூறுக்குத் தருகிறாயா என்று உடையவனிடம் கேட்டு, நூறு நூறாகத் தாமே ஏற்றிக்கொண்டு போய் எண்ணூறில் நிறுத்தினார். ரோமானியரான சிசெரோவும், தோட்டம் வாங்கப் போன ஸ்கைவோலா, கேட்ட விலை குறைவு என்று மேலே ஒரு லட்சம் போட்டுக் கொடுத்ததைக் குறித்து வைத்திருக்கிறார். வினோதமான மனிதர்கள் என்று தோன்றலாம். அவர்கள் விலையை ஏற்றவில்லை, தங்களுக்குத் தெரிந்ததை விற்கிறவருக்கும் தெரியப்படுத்தினார்கள். விலை தானாக ஏறியது.

நம் பக்கம் வந்தால், பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போது அவர்கள் கொள்ளும்போது மிகையாகக் கொள்ளாததை முதலில் வைத்து, கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காததைப் பிறகு வைக்கிறது. விலையை வெளிப்படையாகச் சொல்வதையும் சேர்த்துக்கொள்கிறது. திருவள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தை வணிகரில்தான் கொண்டுபோய் முடிக்கிறார். மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில், தவத்தில் சிறந்தவன் என்று செருக்குற்ற ஜாஜலிக்கு அறம் சொல்லித் தருபவன் துலாதாரன் என்ற வாரணாசிக் கடைக்காரன். இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கிலோ அளவுகோல் கருவறை வரைக்கும் வந்துவிட்டது. தொலைவில்லிமங்கலம் என்ற இரட்டைத் திருப்பதியின் தலபுராணத்தில், வேள்விக்காக நிலத்தை உழுத முனிவருக்கு ஒளிவிடும் ஒரு துலாக்கோலும் ஒரு வில்லும் கிடைக்கின்றன. அவை சாபத்தால் அந்த வடிவம் பெற்ற தம்பதியர். கொஞ்ச தூரத்தில் திருக்கோளூரில் வைத்தமாநிதிப் பெருமாள், குபேரன் இழந்த நிதிக்கெல்லாம் காவலாக, மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். அத்தனை செல்வமும் தன்னுடையதாக இருக்கிறவருக்கே மரக்கால் வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் பக்தியை வைத்து வாதத்தை முடித்துவிட நான் விரும்பவில்லை. மரக்காலும் துலாக்கோலும் நெல்லுக்கும் பொன்னுக்கும் போதும். ஒன்றுக்கு ஒன்று இணையில்லாத பொருளில் மறு தட்டில் எதை வைப்பது? இரண்டு பேருடைய அறிவையும் சமமாக வைப்பது ஒன்றுதான் வழி. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கும் தெரிந்த பின்னும் நிற்கும் விலை எதுவோ, அதை நியாயம் என்கிறேன். எண்ணில் நியாயம் இல்லை. எண் எந்த வெளிச்சத்தில் சொல்லப்பட்டது என்பதில் இருக்கிறது.

இதற்கு வரும் தடைகளில் வலுவானது அறிவு உழைப்பு என்பது. கோயம்புத்தூர்க்காரர் அந்தத் தகட்டு எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ள இருபது வருடம் செலவழித்திருக்கிறார். ஷெட் ஷெட்டாக அலைந்திருக்கிறார். பத்தில் ஒன்பது இடத்தில் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். கற்றதை இலவசமாகக் கொட்டிவிட வேண்டும் என்றால் அடுத்தவன் ஏன் கற்கப் போகிறான்? இதில் பாதி நியாயம் உண்டு. அக்குவினாஸே இன்னொரு இடத்தில் இதற்கு வழிவிடுகிறார்: பஞ்சத்தில் இருக்கும் ஊருக்குத் தானியம் கொண்டுவந்த வணிகர், பின்னால் நிறைய வண்டிகள் வருகின்றன என்று சொல்ல நீதிப்படி கடமைப்பட்டவர் அல்ல, சொன்னால் மேலான குணம், அவ்வளவே. ஆனால் அந்த வணிகருக்குத் தெரிந்தது வரப்போகும் விலை. நம்மவருக்குத் தெரிந்தது முன்னால் நிற்கும் பொருள் இன்னது என்பது. அடுத்த வருடம் அம்பாசடருக்குக் கிராக்கி ஏறும் என்ற ஊகத்தை அவர் தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும். இது செம்பு அல்ல, தங்கம் என்பதை வைத்துக்கொள்ள முடியாது. உழைப்புக்குக் கூலி வேண்டாமா என்றால், வேண்டும்; அதைக் கூலியாகவே கேட்கலாம். வண்டி இன்ன வண்டி, ஓடும் நிலைக்குக் கொண்டுவர எனக்கு இவ்வளவு செலவு ஆகும், டிங்கர் வேலை, வயரிங், உதிரிபாகத்துக்கு அலைச்சல், அதற்குமேல் எனக்கு இவ்வளவு லாபம் என்று வாய்விட்டுச் சொல்லலாம். சொல்லக் கூச்சமாக இருக்கும் லாபம் உழைப்பின் கூலி இல்லை, அவளுடைய அறியாமையின் விலை. பழைய வண்டி வியாபாரம் செய்கிற பதிவு பெற்ற டீலர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் இப்போது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டுகிறார். அரசாங்கத்துக்குத் தெரிவிக்கிற வித்தியாசத்தைப் பெரியம்மாவுக்குத் தெரிவிப்பதில் என்ன கஷ்டம்?

அப்படியானால் பேரமே கூடாதா என்று கேட்பார்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது நம் வழக்கம்தானே, அது ஒளிவுமறைவு இல்லையா? துண்டு மறைப்பது சுற்றி நிற்பவர்களிடமிருந்து. துண்டுக்குள் கை வைத்திருக்கும் இரண்டு பேருக்கும் மாட்டின் பல்லும் சுழியும் ஒரே அளவில் தெரியும். சமமாகத் தெரிந்தவர்கள் இழுத்துப் பிடித்துப் பேசுவதில் தவறே இல்லை. இரண்டு சேகரிப்பாளர்கள் ஏலத்தில் ஒருவரை ஒருவர் முந்தட்டும், அதில் சமயத்துக்கு வேலை இல்லை. மனமொப்பிக் கொடுத்தாள் என்ற வாதமும் இங்கேயே விழுந்துவிடுகிறது. அவள் ஒப்பியது இரும்பைக் கொடுக்க. காரைக் கொடுக்க அவளிடம் யாரும் கேட்கவே இல்லை.

மறுபக்கத்துப் பேராசையும் உண்டு, அதை விட்டுவிட்டால் இது ஒருதலைப் பட்சமாகிவிடும். 'எங்க அப்பா ஓட்டின வண்டி, கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை இதுலதான் வந்தாங்க' என்று நினைவுக்கும் சேர்த்து விலை கேட்பவர்கள் இருக்கிறார்கள். அக்குவினாஸ் இதை அனுமதிக்கிறார்: பொருளைப் பிரிவதால் விற்கிறவருக்கு இழப்பு ஏற்பட்டால் அதை விலையில் சேர்க்கலாம், ஆனால் வாங்குகிறவருக்கு அது அதிகமாகத் தேவைப்படுகிறது என்பதற்காகக் கூட்டக் கூடாது. முதல் பாதி சரி. நினைவு வண்டியோடு போகிற சரக்கு அல்ல என்றாலும், பிரிவுக்கு இவ்வளவு என்று பட்டவர்த்தனமாகச் சொன்னால் வாங்குகிறவர் வேண்டாம் என்று போய்விடலாம், யாரும் ஏமாறவில்லை. இரண்டாம் பாதியில் நான் அவரோடு மாறுபடுகிறேன். அரிசிக்கும் மருந்துக்கும் அது பொருந்தும். தாத்தா வைத்திருந்த அதே கறுப்பு ஃபியட்தான் வேண்டும் என்று அலைகிறவரின் தவிப்பு பசி அல்ல. அதற்கு நாலு காசு கூடக் கொடுத்தால் அவர் குடி முழுகிவிடாது.

கடைசியாக ஒன்று, இதற்குத்தான் என்னிடம் முழுப் பதில் இல்லை. உண்மையைச் சொன்னால் வியாபாரம் கெட்டுவிடும் என்கிறார்கள். லட்சம் என்ற சொல் காதில் விழுந்ததும் அமெரிக்கா பிள்ளைக்கு போன் போகும், அவர் கம்ப்யூட்டரில் ஏதோ படத்தைப் பார்த்துவிட்டு இருபது லட்சம் என்பார், பேச்சு முறிந்து வண்டி இன்னும் பத்து வருடம் எலி கடித்து ஷெட்டிலேயே மக்கி, கடைசியில் காயலான் கடைக்கே போகும். இது நடக்கக்கூடியது, நடக்கிறது. நல்ல வண்டி ஒன்று அழிவதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் வண்டியைக் காப்பாற்றுவதற்காகப் பெரியம்மாவிடம் உண்மையை மறைக்கலாம் என்றால், வண்டியின் மேல் வந்தவருக்கு இருக்கும் உரிமை அவளுக்கு இருப்பதைவிட அதிகம் என்று ஆகிறது. இருட்டில் குறைத்து வாங்குவதற்கும் வெளிச்சத்தில் பேச்சு முறிவதற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. ஓவியங்களின் விஷயத்தில் நம் பதிப்புரிமைச் சட்டம் அதை ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறது: 53ஏ பிரிவின்படி, பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூல ஓவியத்தில் வரைந்தவருக்கு ஒரு பங்கு உண்டு, அது பத்து சதவீதத்துக்கு மேல் போகாது. ஷெட்டில் கிடக்கும் வண்டிக்கும் முத்திரைத்தாளில் இரண்டு வரி போதும். இன்ன வரிசை, இன்ன வருட வண்டி என்று தெரிந்தே இன்ன விலைக்கு விற்கிறேன் என்பது ஒரு வரி. இரண்டு வருடத்துக்குள் வேறொருவருக்கு விற்றால், சீர்செய்த செலவு கழித்து வரும் லாபத்தில் கால் பங்கு முன்னாள் உடையவருக்கு என்பது இன்னொரு வரி. முதல் வரியில் கையெழுத்துப் போடத் தயங்குகிற ஆளோடு இரண்டாவதைப் பேச வேண்டிய அவசியமே இல்லை. பெரியம்மா வேறு ஆளைப் பார்க்கலாம்.